ஃப்ரண்ட் லோடு வாஷிங் மெஷின் பராமரிப்பும் பழுதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உப்புத் தண்ணி, அளவுக்கு மீறிய சோப்பு, எப்போதும் மூடியே கிடக்கும் கதவு. நம் வீடுகளில் ஃப்ரண்ட் லோடு மெஷினைக் கெடுப்பவை முதலில் இவைதான். மோட்டாரும், மெஷினை இயக்கும் எலெக்ட்ரானிக் போர்டும் போவதெல்லாம் அதற்கு அப்புறம். மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன் நாமே பார்த்துவிடக்கூடிய இடங்கள் நிறைய இருக்கின்றன. அவற்றைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. எந்த வேலையானாலும் முதலில் ஸ்விட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றிவிட்டுத் தொடுங்கள்.

கதவைத் திறந்தாலே அழுகல் வாடை அடிக்கிறது. துவைத்த துணியிலும் அதே வாடை. ஏன்?

வாடை வரும் இடம் உங்கள் கண்ணுக்குத் தெரிகிற ஸ்டீல் ட்ரம் இல்லை. அதைச் சுற்றி வெளியே ஒரு பிளாஸ்டிக் தொட்டி இருக்கிறது. கரையாத சோப்பு, வாசனை சாஃப்ட்னர், துணியிலிருந்து போன எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் சேர்ந்து அதன் உட்சுவரில் வழவழவென்று ஒட்டிக்கொள்ளும். அதில் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளரும். எப்போதும் பச்சைத் தண்ணீரிலேயே துவைக்கும் வீடுகளில் இது சீக்கிரம் வந்துவிடும்.

மாதம் ஒருமுறை துணி எதுவும் போடாமல் 'டப் க்ளீன்' அல்லது 'ட்ரம் க்ளீன்' ஓட்டுங்கள். அந்த வசதி இல்லாத மாடலில் காட்டன் 60 டிகிரியோ 90 டிகிரியோ வைத்து ஓட்டலாம். கரண்ட் செலவாகுமே என்று பலர் இதைத் தள்ளிப்போடுகிறார்கள். 15 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய அரை யூனிட்தான் ஆகும். மாதத்துக்கு ஒரு தடவை என்பதால் அது பெரிய செலவில்லை. ரொம்ப நாள் விட்டுவிட்ட மெஷினாக இருந்தால் ஒரு தடவையில் போகாது. இரண்டு மூன்று முறை ஓட்ட வேண்டியிருக்கும், முதல் முறை கறுப்புத் துணுக்குகள் உதிர்ந்து வரும். அது நல்லதுதான், பயப்படாதீர்கள்.

அப்புறம், துவைத்து முடிந்ததும் துணியை உடனே எடுத்துவிட்டு, கதவையும் சோப்பு டிராயரையும் கொஞ்சம் திறந்தே வையுங்கள். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் மட்டும் இதில் கவனம் வேண்டும். குழந்தை ட்ரம்முக்குள் ஏறிவிடக்கூடும், கதவு மூடிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. அப்படிப்பட்ட வீடுகளில் உள்ளே நன்றாகத் துடைத்து, ஆள் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் மட்டும் காய விட்டு மூடுங்கள்.

கதவைச் சுற்றியுள்ள ரப்பரில் கறுப்புப் புள்ளிகள். துடைத்தும் போகவில்லையே?

கேஸ்கெட் என்கிற அந்தச் சாம்பல் நிற ரப்பரின் மடிப்பை, ஆறு மணி முள் நிற்கும் இடத்தில், விரலால் விரித்துப் பாருங்கள். கொஞ்சம் தேங்கிய தண்ணீர், ஈரப் பஞ்சாகத் திரண்ட நூல், ஒரு ஹேர்பின், டிஷ்யூ பேப்பர் கூழ், தலைமுடி, சில வீடுகளில் ஐந்து ரூபாய் நாணயம், எல்லாம் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். மடிப்பின் அடியில் தண்ணீர் வடிவதற்கு இரண்டு மூன்று சின்ன ஓட்டைகள் உண்டு. நூல் அதை அடைத்துவிட்டால் தண்ணீர் எப்போதும் தேங்கி நிற்கும், பூஞ்சை வரும். பழைய டூத் பிரஷ்ஷால் அந்த ஓட்டைகளைச் சுத்தம் செய்யுங்கள். வாரம் ஒருமுறை காய்ந்த துணியால் மடிப்பைத் துடைத்தாலே போதும்.

ரப்பருக்கு உள்ளேயே இறங்கிவிட்ட கறுப்புக் கறை முழுசாகப் போகாது. ரப்பர் கிழியாமல், தண்ணீர் ஒழுகாமல் இருந்தால் கறைக்காக மட்டும் அதை மாற்ற வேண்டியதில்லை. கத்தி, ஸ்டீல் நார் கொண்டு சுரண்டாதீர்கள்.

இன்னொன்று. பிளீச்சையும், சுண்ணாம்பு ஓட்டைக் கரைக்கும் டீஸ்கேலிங் பவுடர், வினிகர், எலுமிச்சை போன்ற புளிப்பான எதையும் ஒரே நேரத்தில் உபயோகிக்கவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிவரும். காற்றோட்டமில்லாத குளியலறையில் அது மிக ஆபத்து.

எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான். மெஷின் தாங்குமா?

தாங்கும், ஆனால் நீங்கள் அதற்குத் துணை செய்ய வேண்டும். சிறுவாணி தண்ணீர் வரும் கோவை வீட்டில் ஓடும் மெஷினுக்கும், உப்புத் தண்ணியில் ஓடும் மெஷினுக்கும் ஒரே பராமரிப்பு அட்டவணை பொருந்தாது.

தண்ணீரின் கடினத்தன்மை என்பது அதில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியத்தின் அளவு. குடிநீருக்கான இந்தியத் தர அளவான ஐஎஸ் 10500-இன்படி லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை அனுமதி. தண்ணீரைச் சூடாக்கும்போது இந்தச் சுண்ணாம்பு ஹீட்டர் கம்பியில் வெள்ளை ஓடாகப் படியும். ஓடு தடிக்கத் தடிக்க ஹீட்டரின் சூடு தண்ணீருக்குப் போகாமல் கம்பியே வெந்து போகும். தண்ணீரை உள்ளே விடும் இன்லெட் வால்வு அடைவதும், துணி விறைப்பாக வருவதும், வெள்ளை வேட்டி பழுப்பாவதும் இதே காரணத்தால்தான்.

பலர் டிடிஎஸ் மீட்டரை வைத்து முடிவு செய்கிறார்கள். அது கரைந்த உப்புகள் எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும், கடினத்தன்மையை மட்டும் தனியாகச் சொல்லாது. கெட்டிலிலும் ஹீட்டரிலும் வெள்ளை ஓடு படிகிறதா, சோப்பு நுரைக்க மறுக்கிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். மீதிக்குத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் 'டோட்டல் ஹார்ட்னஸ்' கேட்டு வாங்குங்கள்.

செய்ய வேண்டியது: குறைந்தபட்சம் மாதம் ஒருமுறையாவது கம்பெனி சொல்லும் டீஸ்கேலிங் பவுடரை ட்ரம்மில் போட்டு சூடான தண்ணீரில் காலி மெஷினை ஓட்டுங்கள். இந்தப் பவுடர்களில் பெரும்பாலும் இருப்பது சிட்ரிக் ஆசிட், மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் தரும் அதே பொருள். அளவு பாக்கெட்டில் சொன்னபடி இருக்கட்டும். முடிந்ததும் ஒரு தடவை வெறும் தண்ணீரில் ரின்ஸ் ஓட்டிவிடுங்கள்.

குழாயில் மாட்டும் சின்ன ஃபில்டர்கள் இரண்டு வகை. ஒன்று மணல், துரு போன்றவற்றைப் பிடிப்பது. இன்னொன்று பாஸ்பேட் உருண்டைகள் உள்ளது. இது சுண்ணாம்பைத் தண்ணீரிலிருந்து எடுக்காது, படியவிடாமல் தடுக்க மட்டும் உதவும். உருண்டை கரைந்து தீர்ந்தபின் மாற்றாவிட்டால் அது வெறும் டப்பா. தண்ணீரை நிஜமாகவே மென்மையாக்குவது, சுண்ணாம்பைப் பிடித்துக்கொள்ளும் ரெசின் மணிகள் உள்ள வாட்டர் சாஃப்ட்னர்தான். அதற்கு அவ்வப்போது உப்புக் கரைசல் விட்டு ரெசினைப் புதுப்பிக்க வேண்டும். மிகக் கடினமான தண்ணீர் உள்ள வீட்டுக்கு அந்தச் செலவு நியாயமானது என்பது என் கருத்து. மெஷினோடு கீசரும் குழாயும் பிழைக்கும்.

சோப்புத் தூள் எவ்வளவு போடுவது? கைத் துவையலுக்கு வாங்கும் தூளையே போடலாமா?

போடக்கூடாது. கைத் துவையல் தூள் நிறைய நுரைப்பதற்காகவே செய்தது. ஃப்ரண்ட் லோடு மெஷின் துணியைத் தூக்கித் தூக்கிப் போட்டுத்தான் அழுக்கெடுக்கிறது. நுரை மெத்தை மாதிரி நடுவில் வந்தால் அந்த அடி விழாது. நுரை அதிகமானால் பம்பும் திணறும், ஸ்பின்னும் ஆகாது. பாக்கெட்டில் 'ஃப்ரண்ட் லோடு' என்று போட்டதையே வாங்குங்கள்.

பாக்கெட்டில் எழுதிய அளவில் ஆரம்பியுங்கள். லோடு பாதி என்றால் சோப்பையும் குறையுங்கள். கடைசி ரின்ஸில் கண்ணாடிக் கதவில் நுரை தெரிந்தால் சோப்பு அதிகம் என்று அர்த்தம். உப்புத் தண்ணியில் சோப்பு கொஞ்சம் கூடத்தான் தேவைப்படும், அதற்காக இரட்டிப்பாகக் கொட்டக்கூடாது. பச்சைத் தண்ணீரில் துவைப்பவர்களுக்கு லிக்விட் நன்றாகக் கரையும். வெள்ளைத் துணிக்கு வெந்நீரும் தூளும்தான் சரி.

டிராயரில் 2 என்று போட்ட அறைதான் மெயின் வாஷ். 1 ப்ரீ வாஷுக்கு. பூப் படம் போட்டது சாஃப்ட்னருக்கு. பலர் சோப்பை 1-இல் போட்டுவிட்டு, அது அப்படியே கட்டியாகக் கிடக்கிறது என்று வருத்தப்படுகிறார்கள்.

கறுப்புத் துணியில் வெள்ளைத் திட்டு?

தூள் கரையவில்லை, அல்லது ட்ரம்மை அடைத்துவிட்டீர்கள். ஒரு எக்ஸ்ட்ரா ரின்ஸ் வையுங்கள். அப்படியும் வந்தால் அது தண்ணீரின் சுண்ணாம்பு.

கீழே இருக்கும் ஃபில்டரை எப்படிக் கழுவுவது?

இந்த ஒரு வேலையைக் கற்றுக்கொண்டால் பாதி சர்வீஸ் கால்கள் குறையும். பெரும்பாலான மெஷின்களில் முன்பக்கம் வலது கீழ் மூலையில் ஒரு சின்ன மூடி இருக்கும். அதற்குள் திருகுகிற மாதிரி ஒரு குமிழ். பக்கத்தில் ஒரு விரல் தடிமனில் ரப்பர் குழாய்.

வெந்நீர் வாஷ் முடிந்த உடனே திறக்காதீர்கள், கை வெந்துவிடும். ஒரு பழைய துண்டைத் தரையில் விரியுங்கள், தட்டையான ட்ரே ஒன்றை வையுங்கள். முதலில் ரப்பர் குழாயை வெளியே இழுத்து அதன் முனை மூடியைக் கழற்றினால் தேங்கிய தண்ணீர் வடியும். ட்ரே நிறைந்ததும் மூடியைப் போட்டு, கொட்டிவிட்டு, திரும்பவும் வடியவிட வேண்டும். மெஷினுக்குள் துவைக்கும் தண்ணீர் நின்றுபோயிருந்தால் இப்படிப் பல தடவை. நீர் முழுக்க வடிந்தபின் குமிழை இடப்பக்கமாக, மெதுவாகத் திருகி எடுங்கள். சாம்பல் நிறத்தில் பிசுபிசுவென்று நூல் சுற்றிக்கொண்டு வரும். சேலைப் பின், ஜாக்கெட் ஹூக், சட்டைப் பட்டன், பள்ளிப் பையன் பையில் கிடந்த கோலிக்குண்டு, எல்லாம் இங்கேதான் சிக்கும்.

அத்தோடு நிறுத்தாதீர்கள். ஃபில்டர் இருந்த ஓட்டைக்குள் டார்ச் அடித்தால் பம்பின் சின்ன விசிறி தெரியும். பிளக் கழற்றியிருப்பதை உறுதி செய்துகொண்டு அதை விரலால் தள்ளிப் பாருங்கள். கொஞ்சம் விட்டு விட்டு, தட்டித் தட்டிச் சுற்றும். அது இயல்பு, உள்ளே காந்தம் இருக்கிறது. முடியோ நூலோ சுற்றியிருந்தால் எடுத்துவிடுங்கள். பிறகு ஃபில்டரைக் கழுவி, கோணாமல் பொருத்தி, இறுக்கமாகத் திருகுங்கள். சரியாக மாட்டாவிட்டால் அடுத்த வாஷில் தரையெல்லாம் தண்ணீர். மாதம் ஒருமுறை இதைச் செய்வது நல்லது.

மெஷினுக்குத் தண்ணீர் ஏறவே இல்லை. குழாயில் தண்ணீர் வருகிறதே?

முதலில் தண்ணீர் வரும் ஓஸைக் கழற்றி, குழாய் முனையிலும் மெஷின் முனையிலும் உள்ள சின்ன வலையைப் பாருங்கள். போர் தண்ணீரில் இது மணலும் வெள்ளைப் பொருக்குமாக அடைந்திருக்கும். குறடால் மெல்ல இழுத்து எடுத்து, பிரஷ்ஷால் தேய்த்து, திரும்பப் போடுங்கள். வலை இல்லாமல் ஓட்டினால் வால்வு கெடும்.

வலை சுத்தமாக இருந்தால் அடுத்து பிரஷர். இன்லெட் வால்வு திறக்க ஓரளவு நீரழுத்தம் வேண்டும். மாடலைப் பொறுத்து 0.3 அல்லது 0.5 பார் என்று மேனுவலில் இருக்கும். 10 மீட்டர் உயரத்தில் நிற்கும் தண்ணீர்தான் 1 பார். அப்படியானால் 0.3 பாருக்கு டேங்கின் தண்ணீர் மட்டம் மெஷினுக்கு 3 மீட்டர் மேலே இருக்க வேண்டும். மொட்டை மாடித் தரையிலேயே டேங்க் வைத்த வீட்டில், அதற்கு நேர் கீழே உள்ள மாடியில் இது கிடைக்காது. இதற்கு மெஷினைத் திட்டிப் பயனில்லை. டேங்கை உயர்த்த வேண்டும், அல்லது சின்ன பிரஷர் பம்ப் ஒன்று வைக்க வேண்டும்.

தண்ணீர் ஏறுகிறது, உடனே வெளியேயும் போகிறது. வாஷ் முடியவே மாட்டேன் என்கிறது.

கழிவு ஓஸை எங்கே விட்டிருக்கிறீர்கள்? குளியலறைத் தரையில் கிடந்தால் அதுதான் காரணம். ட்ரம்மின் தண்ணீர் மட்டத்தைவிட ஓஸ் முனை கீழே இருப்பதால் தண்ணீர் தானாக உறிஞ்சிக்கொண்டு வெளியேறும். மெஷின் நிரப்பிக்கொண்டே இருக்கும். பெரும்பாலான மாடல்களுக்குத் தரையிலிருந்து 60 முதல் 100 செ.மீ. உயரத்தில் ஓஸை வளைத்து மாட்ட வேண்டும். சில மாடல்களில் மெஷினின் பின்புறமே வளைவு வைத்திருப்பார்கள், அவற்றில் கவலையில்லை.

திரையில் ஏதோ எழுத்து வருகிறது. என்ன அர்த்தம்?

எல்ஜியில் ஓஇ என்றால் தண்ணீர் வெளியேறவில்லை, ஃபில்டரையும் ஓஸையும் பாருங்கள். ஐஇ என்றால் தண்ணீர் வரவில்லை. யுஇ என்றால் துணி ஒரு பக்கமாகச் சேர்ந்துவிட்டது. டிஇ கதவு மூடவில்லை. சாம்சங்கில் 4சி, பழைய மாடலில் 4இ, தண்ணீர் வரத்து, 5சி அல்லது 5இ கழிவு நீர், டிசி கதவு, யுபி சமநிலை. பாஷில் இ18 வந்தால் கழிவு நீர்ப் பிரச்சினை. எல்ஜியில் சிஎல் என்று வந்து பட்டன் எதுவும் வேலை செய்யாவிட்டால் அது பழுதே இல்லை, சைல்டு லாக். பூட்டுப் படம் போட்ட பட்டனை மூன்று விநாடி அழுத்திப் பிடியுங்கள்.

வாஷ் முடிந்தும் கதவு திறக்கவில்லை.

இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள், லாக் தானாக விடும். கண்ணாடியில் தண்ணீர் தெரிந்தால் முன்பு சொன்னபடி கீழ்க் குழாய் வழியாக வடியுங்கள். பல மாடல்களில் ஃபில்டர் மூடிக்குள்ளேயே அவசரத்துக்கு இழுக்கும் ஒரு கயிறோ பட்டையோ இருக்கும். கைப்பிடியைப் பிடித்துப் பலமாக இழுத்தால் உடைவது கைப்பிடிதான்.

ஸ்பின் ஆகும்போது மெஷினே நடக்கிறது!

புது மெஷின் என்றால் பின்பக்கம் டிரான்சிட் போல்ட்டுகளைக் கழற்றினார்களா என்று உடனே பாருங்கள். வழியில் ட்ரம் ஆடாமல் இருக்கப் போடுபவை அவை, பொதுவாக நான்கு. அதோடு ஓட்டினால் மெஷின் கெட்டுவிடும்.

பழைய மெஷின் என்றால் நான்கு கால்களும் தரையில் சமமாக நிற்கின்றனவா? மூலைக்கு மூலை கையால் அழுத்தி ஆட்டிப் பாருங்கள். ஆடும் காலைத் திருகி உயர்த்தி, அதன் லாக் நட்டை இறுக்குங்கள். சக்கரம் வைத்த பிளாஸ்டிக் ஸ்டாண்டை ஃப்ரண்ட் லோடுக்கு நான் சிபாரிசு செய்யவே மாட்டேன். உள்ளே எடைக்காகக் கான்கிரீட் கட்டிகள் வைத்து 60, 70 கிலோவில் செய்த மெஷினைச் சக்கரத்தின் மேல் ஏற்றினால் அந்த எடைக்கே அர்த்தமில்லாமல் போகிறது. ஒற்றை ஜமுக்காளம், ஒற்றை ஜீன்ஸ் தனியாகப் போட்டாலும் ஆடும். கூட இரண்டு துண்டு சேருங்கள்.

ஸ்பின்னில் விமானம் கிளம்புகிற மாதிரி சத்தம்.

பேரிங். பிளக்கைக் கழற்றி, காலி ட்ரம்மைக் கையால் சுற்றுங்கள். கரகரவென்று கேட்டாலும், ட்ரம்மின் விளிம்பைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டும்போது தொட்டியோடு சேராமல் தனியாக ஆடினாலும் சந்தேகமில்லை. சீல் வழியாகத் தண்ணீர் கசிந்து பேரிங் துருப்பிடித்திருக்கும். இது வீட்டு வேலை இல்லை, தள்ளிப்போடவும் கூடாது. சில மாடல்களில் தொட்டி ஒட்டி மூடப்பட்டிருப்பதால் மொத்தமாகத்தான் மாற்றுவார்கள். அதன் விலையைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

சேலை, வேட்டி, பாவாடை எல்லாம் போடலாமா?

காட்டன் சேலையை மடித்து வலைப் பையில் போடுங்கள், முறுக்கிக்கொள்ளாது. பட்டு வேண்டாம். பாவாடை நாடாவை உருவி எடுங்கள், இல்லாவிட்டால் முடிச்சுப் போட்டுவிடுங்கள். ஒரு நாடா போதும், மொத்தத் துணியையும் கயிறு திரித்துவிடும். ஜாக்கெட் ஹூக்குகளை மாட்டி, உள்பக்கம் வெளியே திருப்பிப் போடுங்கள். கம்பி வைத்த உள்ளாடைகள் கட்டாயம் வலைப் பையில்தான். அந்தக் கம்பி ட்ரம் ஓட்டை வழியாக இறங்கினால் ஹீட்டர் இருக்கும் இடத்தில் போய் மாட்டும்.

மெஷினில் 7 கிலோ என்று போட்டிருந்தால் அது காட்டன் புரோகிராமில், காய்ந்த துணியின் எடை. சிந்தெடிக், மிக்ஸ் போன்றவற்றுக்கு ஏறக்குறைய பாதிதான். துணி போட்டபின் மேலே ஒரு கை நுழையும் இடம் இருக்க வேண்டும்.

தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறது. ஸ்டெபிலைசர் வேண்டுமா?

ஷாக் அடித்தால் அன்றே நிறுத்திவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதியுங்கள். செருப்புப் போட்டுக்கொண்டு சமாளிப்பது தீர்வில்லை. ஹீட்டர் மட்டுமே சுமார் 2000 வாட் இழுக்கும், எனவே எர்த் உள்ள 16 ஆம்ப் பிளக் பாயின்ட் வேண்டும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடாது. வீட்டு இன்வெர்ட்டரிலும் ஓட்டாதீர்கள். ஸ்டெபிலைசர் எல்லோருக்கும் தேவைப்படாது. மாலை நேரத்தில் விளக்கு மங்கி எரிகிற ஊர் என்றால், மெஷினின் வாட்டுக்கு ஏற்றதை வாங்குங்கள்.

எலி ஒயரைக் கடித்துவிட்டது. எப்படித் தடுப்பது?

மெஷினின் அடிப்பக்கம் திறந்திருந்தால் அதுதான் வழி. அடித் தகடு அல்லது கம்பி வலை போடச் சொல்லிக் கேளுங்கள். கழிவு ஓஸ் போகும் சுவர் ஓட்டையையும் அடையுங்கள்.

சர்வீஸுக்கு வந்தவர் போர்டு போய்விட்டது என்கிறார். நம்பலாமா?

எதைச் சோதித்து அந்த முடிவுக்கு வந்தார் என்று கேளுங்கள். ஃபில்டர், வலை, ஓஸ், கதவு லாக், சப்ளை வோல்டேஜ் இவற்றைப் பார்க்காமல் நேரே போர்டு என்றால் இன்னொருவரைக் கேட்பது நல்லது. மாற்றினால் பழைய போர்டைக் காட்டச் சொல்லுங்கள், பில் வாங்குங்கள், புதுப் பாகத்துக்கு வாரண்டி எத்தனை மாதம் என்று எழுதி வாங்குங்கள். '10 வருட வாரண்டி' என்று மெஷினில் ஒட்டியிருப்பது பொதுவாக மோட்டாருக்கு மட்டும். சர்வீஸ் நம்பரை இணையத்தில் தேடாமல் வாரண்டி அட்டையிலிருந்து எடுங்கள். கம்பெனி பெயரில் போலி நம்பர்கள் நிறைய உலவுகின்றன.

வீடு மாற்றுகிறோம். மெஷினை எப்படி எடுத்துப் போவது?

முந்தின நாளே குழாயை மூடி, ஓஸ்களைக் கழற்றி, ஃபில்டர் வழியாகத் தண்ணீரை முழுக்க வடித்துவிடுங்கள். டிரான்சிட் போல்ட்டுகளைப் பழைய இடத்தில் பூட்டுங்கள். தொலைத்துவிட்டிருந்தால் சர்வீஸ் சென்டரில் மாடல் நம்பர் சொல்லி வாங்கலாம். வண்டியில் நிமிர்த்தியே வைத்து, கயிறு கட்டி, ஆடாமல் கொண்டு போங்கள். புது வீட்டில் இறக்கியதும் போல்ட்டுகளைக் கழற்றி, கால்களைச் சமம் பார்த்து, முதல் ஓட்டத்தைத் துணி போடாமல் ஓட்டி ஒழுகல் இருக்கிறதா என்று பாருங்கள்.